ஒரு டிபன் கடைக்காரரும் பதினான்கு நாள் சென்சரும்: நிகழ்வு ஆய்வு

"ஊசி ஏத்த ஏத்த காலைச் சுகரும் ஏறிக்கிட்டே போகுதே சிஸ்டர், மருந்து டூப்ளிகேட்டா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார். காவிரி டெல்டாவில் ஒரு சின்ன ஊரில் டிபன் கடை வைத்திருப்பவர். வயது 61. பெயரும் ஊரும் எழுத வேண்டாம் என்றார், சரி என்றேன். நான் ஒரு சுகர் கிளினிக்கில் செவிலியர். ஊசி போட்டுக்கொள்வது, மீட்டர் பார்ப்பது இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்த ஆய்வில் அவர் கற்றுக்கொண்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தால் பாதி நான் கற்றுக்கொண்டதாக இருக்கிறது.

டைப் 2 நீரிழிவு, 17 ஆண்டுகளாக. மெட்ஃபார்மின் மாத்திரை காலையும் இரவும். நான்கு ஆண்டுகளாக 30/70 கலவை இன்சுலின், காலை 22 யூனிட், இரவு 18. அந்த 18 ஒரே நாளில் வந்ததில்லை. 12-ல் தொடங்கியது. மாதா மாதம் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனையில் 170, 185, 190 என்று வர வர, இரவு ஊசி இரண்டிரண்டு யூனிட்டாக ஏறியது. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.9. பதினேழு வருஷச் சுகருக்கு இது மோசமில்லை என்றுதான் ஃபைலைப் புரட்டுகிற யாரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் மனைவி சொன்ன ஒரு விஷயம் ஃபைலில் இல்லை. "ராத்திரி சில நாள் பனியன் பிழியிற மாதிரி வேர்த்திருக்கு சிஸ்டர். தலையணை நனைஞ்சு கிடக்கு. கேட்டா அடுப்புச் சூடுங்கிறார்." அடுப்பை அணைத்து ஆறு மணி நேரம் கழித்து எந்தச் சூடு வேர்க்க வைக்கும்? டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தூக்கத்தில் சுகர் தாழ்ந்தாலும் இப்படி வேர்க்கும், சுகரைத் தொடர்ந்து பார்க்கிற ஒரு சென்சர் ஒட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

ஒட்டிய அன்று

பெரிய கோட்டுப் பொத்தான் அளவில் இருக்கும் அது. மேற்கையின் பின்புறம் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் ஊசி உள்ளே போய் உடனே திரும்பி வந்துவிடும். தோலுக்குள் தங்குவது ஐந்து மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய இழை மட்டும். அது தொடுவது ரத்தத்தை இல்லை, செல்களுக்கு இடையே ஊறிக்கிடக்கிற நீரை. ஒரு மணி நேரம் கழித்து போனைக் கையருகே கொண்டுபோனால் எண் வரும், பக்கத்தில் ஓர் அம்பு வரும், கடந்த எட்டு மணி நேரத்தின் கோடு வரும். பதினான்கு நாள் ஓடும். தானாக அலாரம் அடிக்கிற வகைகளும் இருக்கின்றன. இது அடிக்காத வகை. நாமாகத் தொட்டுப் பார்த்தால்தான் பேசும்.

1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருவி மூன்று நாள்தான் ஓடும், ஓடுகிறபோது எண் நோயாளி கண்ணுக்கே தெரியாது. கழற்றி டாக்டரிடம் கொடுத்த பிறகுதான் எல்லாம். அந்தக் காலத்துக் கருவி மேல் எனக்கு இப்போதெல்லாம் ஒரு சின்னப் பொறாமை. ஏன் என்று ஐந்தாம் நாள் மாலைக்கு வரும்போது தெரியும்.

நான் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது அம்பு. படுக்கையாகக் கிடந்தால் சுகர் நிமிடத்துக்கு 1-க்கும் குறைவாகத்தான் மாறுகிறது. சாய்ந்திருந்தால் 1 முதல் 2. செங்குத்தாக நின்றால் 2-க்கு மேல். அதாவது 110 என்று நல்ல எண்ணாகவே இருக்கும், அம்பு செங்குத்தாகக் கீழே பார்த்தால் இருபது நிமிடத்தில் 70-க்கு, அதாவது லோ சுகரின் விளிம்புக்கு, வந்துவிடலாம். கடைக்காரர் இதை உடனே பிடித்துக்கொண்டார். "மாவு எவ்வளவு இருக்குன்னு மட்டும் பாத்தா போதாது, எவ்வளவு வேகமா தீருதுன்னும் பாக்கணும். அதானே?" அதேதான்.

இன்னொன்றும் சொன்னேன்: எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது தொட வேண்டும், இல்லாவிட்டால் பழையது அழிந்துவிடும். தலையாட்டினார். மறுநாளே அழித்தார். சாயங்காலம் ஏழு மணிக்குத் தொட்டவர், கல்லாவில் போனை வைத்துவிட்டு மறுபடி காலை ஐந்துக்குத்தான் எடுத்திருக்கிறார். ஏழிலிருந்து ஒன்பது வரை கோடு காணோம். இரவு ஊசி போட்ட நேரமும் சாப்பாட்டுக்கு முந்திய நேரமும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் இருந்தன. அப்புறம் படுக்கப் போகும்போது பல் தேய்ப்பது போல இதையும் ஒரு பழக்கமாக்கினோம். கடைசி வரை பெரிய ஓட்டை விழவில்லை.

முதல் நாள் எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். விரலில் குத்தினால் 171, சென்சரில் 142. இரண்டாம் நாளிலிருந்து பத்துப் பதினைந்துக்குள் ஒத்துப்போனது.

ஆறாம் நாள் ஓரம் கிளம்பியது தனிக் கதை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். நல்லெண்ணெயைத் தலையில் வைத்தால் தோளுக்கு வராமல் இருக்குமா? குளிக்கலாமா என்று கேட்டார், குளிக்கலாம் என்றேன். என் மனதில் இருந்தது தண்ணீர். அவர் மனதில் எண்ணெய். மேலே மருத்துவ டேப்பைச் சுற்றி ஒட்டி, நடுவில் உள்ள சிறு துளையை மட்டும் மூடாமல் விட்டுக் காப்பாற்றினோம்.

ஐந்தாம் நாள் மாலை

இதுதான் எங்கள் தவறு. எங்கள் என்றால், என்னுடையது.

மாலை 5.50. கடையில் வடை போடுகிற நேரம். கை நடுங்குகிறது. சென்சரில் 66, அம்பு கீழே. நான் சொல்லிக்கொடுத்தபடியே மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார். பத்து நிமிடம் கழித்துத் தொட்டார்: 59. இன்னும் இறங்குகிறதே என்று மறுபடி மூன்று ஸ்பூன். 6.15-க்கு 63. இனிமேல் பொறுக்க முடியாது என்று மிச்சமிருந்த கேசரியில் இரண்டு கரண்டி. எட்டு மணிக்கு 291. இப்போது பயம் வேறு பக்கம் திரும்பியது. இரவு ஊசியைப் 18-க்குப் பதிலாக 22 போட்டுக்கொண்டார், யாரையும் கேட்காமல். நடு இரவு 2.10-க்கு மனைவி எழுப்பியிருக்கிறார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறல். சென்சரில் 51. விரலில் குத்தியும் பார்த்திருக்கிறார், 56. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, கால் மணி கழித்து மறுபடி குத்தி 84 பார்த்த பிறகுதான் படுக்கவிட்டார். அந்த அம்மா அன்று செய்ததில் ஒரு குறை சொல்ல முடியாது.

காலை ஏழு மணிக்கு போன் வந்தது. முதல் குளுக்கோஸிலேயே மாலை சரியாகியிருக்கும். நடுக்கம் எப்போது நின்றது என்று கேட்டேன். "ரெண்டாவது டம்ளருக்கு முன்னாடியே நின்னுடுச்சு. ஆனா மிஷின் 59-ங்குதே!" என்றார்.

சென்சர் பார்ப்பது திசு நீரை. ரத்தத்தில் சுகர் ஏறி ஐந்து, பத்து நிமிடம் கழித்துத்தான் அந்த நீரில் ஏறும். சுகர் வேகமாக மாறுகிறபோது இன்னும் கொஞ்சம் கூட ஆகலாம். லோ சுகருக்கு இனிப்பு சாப்பிட்ட அடுத்த கால் மணி நேரம் சென்சர் பழைய செய்தி வாசித்துக்கொண்டிருக்கும். அப்போது நம்ப வேண்டியது விரல் குத்தும் மீட்டரை. இந்தத் தாமதம் எனக்குத் தெரியும். பயிற்சியின்போது ஒரு வாக்கியத்தில் சொல்லியும் இருந்தேன், ஒட்டுப் பசை பற்றியும் குளியல் பற்றியும் சொன்னதற்கு நடுவில். ஒரு வாக்கியம் நடுங்குகிற கைக்கு உதவாது.

அந்த வாரம் அவர்கள் கிளினிக்குக்கு வந்தபோது படம் போட்டு விளக்க ஆரம்பித்தேன். மனைவி விவசாயக் குடும்பம். பாதியிலேயே சொல்லிவிட்டார்: "வாய்க்கால்ல தண்ணி வந்துடும், வயல்ல ஏற நேரமாகும். வயலைப் பாத்துட்டு இன்னும் மடையத் தொறந்தா வரப்பு உடைஞ்சிடும்." அதற்குப் பிறகு வருகிற எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறேன், முதல் பாடமாக.

அன்றைக்கு ஒரு சட்டமும் போட்டோம். லோ என்றால் மூன்று ஸ்பூன், பதினைந்து நிமிடம், விரல் குத்து. ஹை என்றால் எதுவும் செய்யாதே. அடுத்த ஊசி டாக்டர் எழுதிய அளவுதான். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறார். அப்பா அனுப்புகிற ஸ்க்ரீன்ஷாட்டில் 200-ஐத் தாண்டினால் உடனே போன் போட்டு என்ன சாப்பிட்டீங்க என்று கேட்பாராம். "கையில ஒட்டினது மிஷினா போலீஸா தெரியல" என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஸ்க்ரீன்ஷாட், அதுவும் இரவு என்று மகளிடம் நானே பேசினேன். மகளுக்கு வருத்தம்தான். ஆனால் முதல் நான்கு நாளில் தினமும் முப்பது நாற்பது தடவை தொட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் பத்துப் பன்னிரண்டுக்கு இறங்கினார். முகத்தில் கொஞ்சம் தெளிவும் வந்தது.

எது நிஜ லோ?

பதினான்கு நாள் கோட்டை அடுக்கிப் பார்த்தால் நள்ளிரவுக்குப் பிறகு ஆறு பள்ளங்கள். ஆறும் ஒன்றில்லை.

மூன்றாம் நாள் இரவுப் பள்ளம் கிணறு மாதிரி: 124-ல் நேராகப் போன கோடு கால் மணி நேரத்தில் 55-க்கு விழுந்து, அரை மணி நேரம் அங்கேயே கிடந்து, விழுந்த வேகத்திலேயே மேலே வந்திருந்தது. வேர்வை இல்லை, தூக்கமும் கலையவில்லை. அவர் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர். சென்சர் இடது கையில். உடம்பின் பாரம் அந்த இடத்தை அமுக்கும்போது சென்சர் பொய்யாகக் குறைவு காட்டும். ஏழாம் நாள் இரவு இது கையும் களவுமாகப் பிடிபட்டது. ஒரு மணிக்கு மனைவி தொட்டபோது 58. விரலில் 121. ஆளைப் புரட்டிப் படுக்க வைத்து இருபது நிமிடம் கழித்துத் தொட்டால் 115.

மற்ற நான்கு பள்ளங்கள் சரிவு மாதிரி. பதினோரு மணிக்கு 140-ல் தொடங்கி, மெல்ல மெல்ல இறங்கி, இரண்டரை வாக்கில் 60-ஐத் தொட்டு, அங்கிருந்து சோம்பலாக ஏறுகிற கோடு. பனியன் நனைந்த இரவுகள் இவைதான். மாலையில் போடும் கலவை இன்சுலினில் நூற்றுக்கு 70 பங்கு மெதுவாக வேலை செய்கிற வகை. அதன் வேகம் உச்சத்துக்கு வருகிற நேரம் நள்ளிரவை ஒட்டியும் அதற்கு அப்புறமும். கோடு அதைத்தான் வரைந்திருந்தது.

ஆனால் ஒன்று இடித்தது. எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் ஒரே சாப்பாடு, ஒரே 18 யூனிட். ஒரு நாள் 61, மறுநாள் 133. சட்டையைத் தூக்குங்க ஐயா என்றேன். தொப்புளுக்கு வலது பக்கம் எலுமிச்சம்பழம் அளவு மெத்தென்ற கட்டி. வலிக்காததால் நான்கு வருஷமாக அங்கேயேதான் குத்தி வந்திருக்கிறார். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு இப்படித் திரளும். அங்கே போடும் இன்சுலின் இன்றைக்கு ஊறும், நாளைக்குத் தேங்கும். இதை எந்த சென்சரும் காட்டாது, விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும். நான்கு வருஷத்தில் ஒரு தடவை தடவியிருக்கலாம் நாங்கள். இடம் மாற்றும்போது ஒரு எச்சரிக்கையும் உண்டு: புது இடத்தில் இன்சுலின் முழுசாக இறங்கும், பழைய அளவே அதிகமாகிவிடும். அதனால் இடத்தையும் அளவையும் ஒரே நாளில் பேசியாக வேண்டும்.

மூன்றே முக்கால் மணி

இன்னும் முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை. இரவு 60-க்குப் போகிறவருக்குக் காலையில் 190 எப்படி?

பாடப்புத்தகத்தில் இரண்டு பதில் உண்டு. ஒன்று, விடியற்காலையில் உடம்பின் ஹார்மோன்கள் சுகரை ஏற்றுவது. மற்றொன்று, 1930-களில் மைக்கேல் சோமோகி என்ற உயிர்வேதியியலாளர் சொன்னது: இரவில் தாழ்ந்தால் காலையில் பந்து போல மேலே எழும்பும் என்று. இப்படி சென்சர் ஒட்டிப் பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டாவதற்குச் சாட்சி சொல்லவில்லை. அதனால் நான் முதல் பதிலை மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் கோட்டைப் பார்த்தேன். நாலு மணிக்குச் சற்று முன்பு வரை 90, 95 என்று படுத்துக் கிடந்த கோடு, அங்கிருந்து படியேறி ஆறே முக்காலுக்கு 188. அதுவரை கிட்டத்தட்ட எல்லா நாளும் அதே இடத்தில் அதே படி. ஹார்மோன் இவ்வளவு கடிகாரம் பார்த்தா வேலை செய்யும்?

அந்த இடத்தில் விரலை வைத்தேன். "இந்த நேரத்துல என்ன பண்ணுவீங்க ஐயா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். எழுந்திரிச்சு அடுப்பு பத்த வைப்பேன். டீ போடுவேன்."

"போடுவீங்களா, குடிப்பீங்களா?"

மனைவி சிரித்துவிட்டார். "ரெண்டு டம்ளர். கடை டீ, சர்க்கரை தூக்கலா. அப்புறம் சாம்பார் உப்பு பாக்குறேன்னு ஒரு வடை."

"லேபுக்குப் போற நாளும் குடிப்பீங்களா?"

"வெறும் வயித்தோட வரச் சொன்னாங்க, வெறும் வயித்தோடதான் போவேன். டீ குடிச்சா சாப்பிட்ட கணக்கா?"

அவர் பொய் சொல்லவே இல்லை. டிபன் சாப்பிடவில்லை, ஆகவே வெறும் வயிறு. நாலு வருஷமாக யாரும் அவரிடம் தண்ணீரைத் தவிர வேறு எதுவும் கூடாது என்று அந்தச் சொற்களில் சொல்லவில்லை. டீக்குப் பின் எடுத்த ரத்தத்தின் எண்ணைப் பார்த்து, டீ குடிக்காத இரவின் ஊசியை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறோம்.

சந்தேகம் தீர, பதின்மூன்றாம் நாள் ஏழு மணி வரை டீ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அதற்கு ஒப்புக்கொள்ள வைத்ததுதான் இந்த ஆய்விலேயே கஷ்டமான காரியம். அன்று ஏழு மணிக்கு 112. விடியற்காலை ஹார்மோனின் பங்கு அவ்வளவுதான்.

டாக்டர் இரவு ஊசியை 14-க்கு இறக்கி, கட்டி இல்லாத இடமாக மாற்றச் சொல்லி, பத்து நாள் கழித்து 12 ஆக்கினார். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தாயிற்று.

சாப்பாட்டில் அவரே செய்துபார்த்தது சில. நாலு இட்லி என்றால் ஒரு மணி நேரத்தில் சட்டென்று 236. பொங்கல் அப்படி இல்லை. மெதுவாக ஏறி, மத்தியானம் வரை இறங்காமல் நின்றது. "நெய் பிடிச்சு நிறுத்துது" என்றார், சரியாகத்தான். கொழுப்பு சேர்ந்தால் வயிறு காலியாக நேரமாகும். முதலில் ஒரு கிண்ணம் சுண்டல், அப்புறம் மூன்று இட்லி என்றால் 190-ஐ ஒட்டி. இதை மூன்று தடவை செய்து பார்த்த பிறகுதான் நோட்டில் எழுத விட்டேன். ஒரு நாள் கோட்டை வைத்துக்கொண்டு இட்லி கெட்டது என்று கடை வாசலில் போர்டு மாட்டிவிடக் கூடாதில்லையா? அதுவும் இட்லிக் கடையில்.

எண்கள்

2019-ல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த அளவு இது: நாளில் 70 சதவீத நேரத்துக்கு மேல் சுகர் 70-க்கும் 180-க்கும் இடையே இருக்க வேண்டும், 70-க்குக் கீழே 4 சதவீதத்துக்குள், அதாவது ஒரு மணி நேரத்துக்குள். வயதான, உடல் தளர்ந்தவர்களுக்கு இது தளர்த்தப்படும். அங்கே லோ சுகரைத் தவிர்ப்பதுதான் முதல் வேலை. முதல் சென்சரில் இவருக்கு எல்லைக்குள் 49, கீழே 8, மேலே 43 சதவீதம். எட்டு சதவீதம் என்றால் தினமும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். கை அமுங்கி வந்த பொய்ப் பள்ளமும் அந்த எட்டில் சேர்ந்திருக்கிறது. அறிக்கை அச்சிடுகிற மென்பொருளுக்கு அவர் எந்தப் பக்கம் படுப்பார் என்று தெரியாது. ஆறு வாரம் கழித்து ஒட்டிய இரண்டாவது சென்சரில், இந்த முறை வலது கையில், எல்லைக்குள் 66, கீழே 2, மேலே 32.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 7.6. முன்பு 7.9. ஃபைலை மட்டும் பார்க்கிறவருக்கு இது பெரிய மாற்றமாகத் தோன்றாது. முந்தைய சராசரியைக் கீழே இழுத்துக் காட்டியதில் இரவுப் பள்ளங்களுக்கும் பங்கு இருந்தது. அவை போன பிறகும் சராசரி கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன். இரண்டாவது சென்சர் ஓடிய பதினான்கு நாளும் பனியன் நனையவில்லை என்று அந்த அம்மா சொன்னார்.

தொடர்ந்து ஒட்டிக்கொள்ள அவருக்குக் கட்டுப்படியாகாது. ஒரு சென்சர் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய்; விரல் குத்தி மீட்டரில் பார்க்கிற ஒரு ஸ்ட்ரிப் இருபது, இருபத்தைந்து. எல்லா நோயாளிக்கும் எப்போதும் சென்சர் என்று நானும் சொல்ல மாட்டேன். வருஷத்துக்கு இரண்டு, ஊசி அளவு மாறினால் ஒன்று என்று பேசி வைத்திருக்கிறோம். நடுவில் மீட்டர்தான், ஆனால் குத்துகிற நேரம் மாறிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் இரவு இரண்டரைக்கு அந்த அம்மா அலாரம் வைத்து எழுப்பிக் குத்துகிறார்.

போன மாதம் வந்தபோது நோட்டைக் காட்டினார். கடன் கணக்கு எழுதுகிற நீள நோட்டு. பின்னாலிருந்து திருப்பினால் சுகர். பழைய பக்கங்களில் 'காலை', 'மாலை' என்று இரண்டே பத்தி. இப்போது கோடு போட்டு மூன்றாகப் பிரித்திருக்கிறார்: 'டீக்கு முன்', 'டீக்குப் பின்', 'நடு ராத்திரி'. டீ இன்னும் குடிக்கிறார். ஒரு டம்ளர், சர்க்கரை பாதி. வடையைப் பற்றி நான் கேட்கவில்லை.